உயிரணு வளர்க்கும் பை

புதுச்சேரி நகரின் வடபால் அமைந்த பகுதி லாஸ்பேட்டை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநராய் விளங்கிய ழான் லா என்பவர் பெயரால் இப்பேட்டை வழங்கலாயிற்று என்பர். வானூர்தி நிலையமும், தாகூர் கலைக் கல்லூரியும், மோதிலால் நேரு தொழில்நுட்பக் கல்லூரியும் இங்கே உள்ளன. இங்குள்ள இல்லங்களில், தமிழகத்துப் பிற ஊர்களிற் போலவே, இரவுதோறும் ஒரு நுண்ணிய தொழில் நடைபெறுகின்றது. அது தயிருக்கு உறையிடுதல் ஆகும்.

உறையிடும் தாய் முதலிற் சட்டியை நன்கு தேய்த்துக் கழுவிக் கொதிநீர் ஊற்றி அலம்புகின்றாள். பின்னர்ப் பாலைக் காய்ச்சி, இளஞ்சூடாக ஆறவைத்து, சிறிது மோர் விட்டுக் கலக்குகின்றாள். அதன்பின் மூடி வைத்து விடுகின்றாள். தயிர் தோய்ந்ததா என்று அடிக்கடி மூடியைத் திறந்து பார்க்கும் சிறுவனைக் கடிந்து கொள்கின்றாள். இச்செயல்களில் மூன்று உண்மைகள் அடங்கியுள்ளன. உயிருள்ள நுண்பொருளை வளர்க்கும் கலம் தூயதாக இருத்தல் வேண்டும். அதனுள் இருப்பது நன்கு கலத்தல் வேண்டும். கலத்தைத் திறவாமலே உள்ளிருக்கும் நிலையை அறிதல் வேண்டும். இம்மூன்றும் வீட்டுச் சட்டியில் எளியன. மருந்து செய்யும் பெருங்கலத்திலோ, இவை அறிஞர் பலரின் உழைப்பை வேண்டி நின்றன.

நுண்ணுயிர்களைப் பெருங்கலங்களில் வளர்த்துப் பயன்கொள்ளும் தொழில் புதுச்சேரிக்குப் புதியதன்று. லாஸ்பேட்டைக்கு நெடுந்தொலைவில் இல்லாத இந்திரா நகரில், நோய்க்கடத்திகளைக் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சி மையம் ஒன்று உள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த இம்மையம் 1975 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுக்களை ஒடுக்குதற்பொருட்டு, 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரில் இம்மையத்தார் பெருமுயற்சி மேற்கொண்டனர்.

கொசுவின் புழுக்களைக் கொல்லும் ஒருவகைப் பாக்டீரியம் 1976 ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு நெகேவ் பாலைநிலத்திற் கண்டறியப்பட்டது. அது தன் உடலில் ஒரு புரதப் படிகத்தை உண்டாக்குகின்றது. அப்படிகத்தை உண்ட கொசுப்புழுவின் குடல் சிதைகின்றது, புழு மடிகின்றது. மக்களுக்கும் மாடுகளுக்கும் அதனால் தீங்கில்லை. இவ்வினத்தைச் சேர்ந்த பாக்டீரியத்தைப் புதுச்சேரி மையத்தார் நொதிகலன்களில் வளர்த்தனர். அதற்கு விலையுயர்ந்த ஊட்டப்பொருள்களைத் தேடாமல், சோயா மாவையும், கொப்பரை எடுக்குமிடங்களில் வீணே கொட்டப்படும் முற்றிய தேங்காயின் நீரையும் பயன்படுத்தலாம் என்று ஆய்ந்து காட்டினர். தேங்காய் நீர் பற்றிய அவர்தம் ஆய்வு 2008 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

பாக்டீரியம் வன்மை உடையது. அதனைச் சுற்றித் திண்ணிய சுவர் ஒன்று உண்டு. எஃகுக் கலத்தில் இதழ்கள் பொருத்திய துடுப்பைக் கொண்டு விரைந்து சுழற்றினாலும், அடியிலிருந்து காற்றைக் குமிழ்களாகச் செலுத்தினாலும், அது தாங்கி வளரும். ஆனால் இக்காலத்து உயர்ந்த மருந்துகள் பலவும் பாக்டீரியத்தினின்று கிடைப்பன அல்ல. வெறிநாய்க்கடிக்குரிய தடுப்பூசி, குரங்கின் சிறுநீரகத்தினின்று பெற்ற உயிரணு வகை ஒன்றில் வளர்க்கப்படுகின்றது. புற்றுநோய்க்குத் தரும் எதிர்ப்புரதங்கள் சில, வெள்ளெலி வகை ஒன்றின் உயிரணுக்களில் உண்டாகின்றன. இத்தகைய விலங்குயிரணுவுக்குச் சுவர் இல்லை. மெல்லிய படலம் மட்டுமே உண்டு. துடுப்பின் வேகம் அதனைக் கிழிக்கும். நீரின் மேற்பரப்பில் குமிழி வெடிக்கும்போது உண்டாகும் சிறு அதிர்ச்சியும் அதனை அழிக்கும்.

மற்றுமோர் இடரும் உளது. விலங்குயிரணு ஒன்று இரண்டாகப் பெருக ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். பாக்டீரியமோ, ஏற்ற உணவும் வெப்பமும் கிடைப்பின் அரைமணி நேரத்தில் இருமடங்காகும். கலத்தினுள் ஒரே ஒரு பாக்டீரியம் தவறிப் புகுந்ததாகக் கொள்வோம். அரைமணிக்கு ஒருமுறை இரட்டிக்குமாயின், பத்து மணி நேரத்தில் இருபது முறை இரட்டித்து, பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டதாகிவிடும். அதே பத்து மணி நேரத்தில் விலங்குயிரணு ஒருமுறைகூட இரட்டித்திராது. வந்தேறிய கிருமி உணவையெல்லாம் உண்டு தீர்க்கும். பல நாள் உழைப்பும், பெரும்பொருளும், மருந்துக்குக் காத்திருப்போர் நம்பிக்கையும் ஒருங்கே அழியும்.

இது வெறும் அச்சமன்று. 2009 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்த ஜென்சைம் நிறுவனத்தின் தொழிற்சாலையில் உயிரணுக் கலம் ஒன்றில் வைரசுக் கிருமி புகுந்தது கண்டறியப்பட்டது. தொழிற்சாலையை நிறுத்தித் தூய்மை செய்ய வேண்டியதாயிற்று. கோஷே, ஃபேப்ரி என்னும் அரிய பிறவி நோய்களுக்குரிய மருந்துகள் அங்கே செய்யப்பட்டு வந்தன. அம்மருந்துகளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. நோயாளர் பலர் மருந்தின் அளவைக் குறைத்துக்கொண்டு காலங்கழிக்க நேரிட்டது. கண்ணுக்குப் புலப்படாத ஒரு நுண்பொருள், பல நாடுகளிலுள்ள நோயாளரை வருத்தியது.

ஆதலால் எஃகுக் கலத்தைத் தூய்மை செய்யும் வேலை மிக விரிவானது. ஒருமுறை மருந்து செய்து முடித்தபின், எரிசோடாக் கரைசல் கொண்டு கழுவுவர். அமிலம் கொண்டு கழுவுவர். தூயநீரால் மீண்டும் மீண்டும் அலசுவர். பின்னர் 121 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீராவியைச் செலுத்திக் கிருமிகளை ஒழிப்பர். குழாய், அடைப்பான், இணைப்பு ஆகிய ஒவ்வொன்றும் அவ்வாறே தூய்மை பெறுதல் வேண்டும். முன் செய்த மருந்தின் சுவடு சிறிதும் எஞ்சவில்லை என்பதைச் சோதித்து, எழுத்திற் பதித்துச் சான்று காட்டுதலும் வேண்டும். இதற்காகும் நீரும் எரிபொருளும் காலமும் மிகுதி. சிறிய ஆராய்ச்சிக் கூடங்கள் இச்செலவைத் தாங்க மாட்டா.

கலத்தை இன்னும் நன்றாகக் கழுவுவது எப்படி என்று பலரும் எண்ணினர். கழுவவே வேண்டாத கலம் ஒன்று அமையுமா என்று எண்ணினார் விஜய் சிங் என்னும் பொறியாளர். அவர் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஷெரிங்-பிளவ் என்னும் மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கழகத்திற் பணியாற்றியவர். அவர் கண்ட கலம் எஃகால் ஆகியதன்று. பிளாஸ்டிக் தாளால் ஆகிய பை. அதனை முன்னரே காமாக் கதிர்களாற் கிருமி நீக்கி வைப்பர். ஒருமுறை பயன்படுத்தியபின் அதனைக் கழுவுவதில்லை. அப்படியே அகற்றிவிட்டு வேறொரு புதுப்பையை வைப்பர். கோபால்ட் என்னும் உலோகத்தின் கதிர்வீச்சைக் கொண்டு மருத்துவப் பொருள்களைக் கிருமி நீக்கும் முறை இந்தியாவுக்கும் அயலானதன்று. மும்பையைச் சார்ந்த டிராம்பேயில் ஐசோமெட் என்னும் நிலையம் 1974 ஆம் ஆண்டிலேயே இப்பணியைத் தொடங்கியது.

பை கிடைத்துவிட்டது. ஆனால் அதனுள் இருப்பதைக் கலக்குவது எங்ஙனம்? துடுப்பை உள்ளே நுழைத்தால் உயிரணு கிழியும். தண்டு நுழையும் இடத்திற் கிருமி புகவும் வழியுண்டாம். குமிழிகளைச் செலுத்தினாலும் கேடே. இவ்விடத்தில்தான் விஜய் சிங்கின் கூரிய அறிவு வெளிப்படுகின்றது. ஒரு தாம்பாளத்தில் பாதியளவு நீர் வைத்து, இருபுறமும் மாறிமாறி மெல்லச் சாய்த்தால் யாது நிகழும்? நீர் ஒரு கரையினின்று மறுகரைக்கு அலையாகப் பாயும். அடியில் உள்ளது மேலே வரும். மேலே உள்ளது அடியிற் செல்லும். உள்ளே எதனையும் இடாமலே நீர் முழுதும் கலந்துவிடும். இம்முறையையே அவர் மேற்கொண்டார்.

பையிற் பாதியளவே ஊட்டநீரும் உயிரணுக்களும் இருக்கும். எஞ்சிய இடத்தில் தூய காற்று நிரம்பியிருக்கும். அப்பையை ஒரு தட்டின்மேல் வைத்து, தொட்டிலை ஆட்டுவதுபோல் சில பாகை அளவே சாயுமாறு ஆட்டுவர். உள்ளே அலை எழும். அலை எழுந்தோறும் நீரின் மேற்பரப்பு புதிதாகின்றது. அப்புதிய பரப்பின் வழியே உயிர்வளி எனப்படும் ஆக்சிஜன் காற்றினின்று நீரிற் கரைகின்றது. உயிரணுக்கள் அடியிற் படியாமல் மிதந்து, உணவும் உயிர்வளியும் பெற்று வளர்கின்றன. துடுப்பு இல்லை, அடியினின்று செலுத்தும் குமிழி இல்லை, உடலைக் கிழிக்கும் விசை இல்லை.

இம்முறையை விளக்கும் அவருடைய கட்டுரை 1999 ஆம் ஆண்டில் ஓர் அறிவியல் இதழில் வெளிவந்தது. 100 லிட்டர் அளவுவரை இம்முறை பயன்பட்டதை அதிற் காட்டினார். விலங்குயிரணு, பூச்சியின் உயிரணு, மனித உயிரணு ஆகிய பலவும் அப்பையில் வளர்ந்தன; வைரசுகளையும் அதில் வளர்க்க முடிந்தது. 2001 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இம்முறைக்குக் காப்புரிமை அளித்தது. இதனைச் செய்து விற்க அவர் நிறுவிய வேவ் பயோடெக் என்னும் நிறுவனத்தை, 2007 ஆம் ஆண்டில் ஜி.இ. ஹெல்த்கேர் என்னும் பெருநிறுவனம் வாங்கிக்கொண்டது. ஆட்டும் பைக்கு ஓர் எல்லை உண்டு. மிகப்பெரிய பையை ஆட்டுதல் அரிது. ஆகவே 2000 லிட்டர் அளவுள்ள பைகளை எஃகுத் தொட்டியில் நிறுத்தி, பையினுள்ளேயே இணைத்த துடுப்பால் மெல்லக் கலக்கும் முறைகளைப் பின்வந்தோர் அமைத்தனர்.

தூய கலமும் மென்மையான கலப்பும் கிடைத்தன. மூன்றாவது தேவை எஞ்சி நின்றது. திறவாமல் அறிவது எங்ஙனம்? உள்ளே உயிர்வளி எவ்வளவு உள்ளது, புளிப்பு எவ்வளவு ஏறியுள்ளது என்பவற்றை இடையறாது அறிந்தாலன்றி உயிரணுக்களைப் பேண இயலாது. லேலண்டு கிளார்க் என்பவர் உயிர்வளியை அளக்கும் மின்முனையொன்றை 1956 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அது நெடுங்காலம் அரிய தொண்டு புரிந்தது. ஆயினும், அளக்கும்போதே அது சிறிது உயிர்வளியைத் தானே செலவழிக்கும் இயல்பினது. கலத்தினுள் அதனைச் செருகவும் வேண்டும். விலையும் மிகுதியாதலின், ஒருமுறை பயன்படும் பையோடு அதனையும் எறிந்துவிட முடியாது.

இக்குறையைத் தீர்க்க முயன்றவர்களுள் கோவிந்த் ராவ் என்பவர் குறிப்பிடத்தக்கவர். சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வேதிப் பொறியியல் பயின்று, அமெரிக்கா சென்று மேற்கல்வி பெற்றவர் அவர். மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோர் கவுண்டிப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகி, உணர்கருவிகளை ஆராயும் மையம் ஒன்றை வழிநடத்தினார். அவரும் அவர்தம் துணைவரும் கலத்தினுள் கம்பியைச் செருகவில்லை, ஒளியைச் செலுத்தினர்.

சில சாயப்பொருள்கள் தம்மேல் ஒளி படும்போது வேறு நிறத்தில் ஒளிரும். ருத்தேனியம் என்னும் உலோகத்தைக் கொண்ட சில சேர்மங்கள் அத்தகையன. உயிர்வளி அருகில் மிகுந்திருந்தால் அவ்வொளிர்வு விரைவில் அடங்கும். குறைந்திருந்தால் சற்று நீடிக்கும். அது நீடிக்கும் காலம் ஒரு நொடியில் மிகச் சிறிய பங்கேயாம். எனினும் நுண்கருவிகளால் அதனை அளக்கலாம். இவ்வகையில் உயிர்வளியை அளக்கும் ஒளி உணர்கருவியைப் பற்றி அவர்கள் 1994 ஆம் ஆண்டில் எழுதினர். சாயம் பூசிய சிறுவில்லை ஒன்றைப் பையின் உட்புறத்தில் ஒட்டிவைத்தாற் போதும். விளக்கும் அளவியும் வெளியே நிற்கும். ஒளி மட்டும் பையின் சுவரை ஊடுருவிச் சென்று செய்தி அறிந்து மீளும். கிருமி புகச் சிறு துளையும் இல்லை. பையை அகற்றும்போது விலை குறைந்த வில்லை மட்டுமே உடன் போகும். விலை மிக்க கருவி அடுத்த பைக்கு உதவும்.

புளிப்பை அளத்தற்கும் அவர்கள் 2002 ஆம் ஆண்டில் ஒருவழி காட்டினர். அதிலுள்ள சாயத்தின்மேல் இருவகை நிற ஒளியை மாறிமாறிச் செலுத்தி, இருமுறையும் எழும் ஒளிர்வுகளை ஒப்பிட்டுப் பார்ப்பர். இரண்டையும் ஒப்பிடுவது ஏன்? நாளடைவிற் சாயம் மங்கக்கூடும். ஓர் ஒளிர்வையே நம்பியிருந்தால், சாயம் மங்கியதைப் புளிப்பு மாறியதாகப் பிழைபட எண்ண நேரும். இரண்டும் ஒருசேர மங்கினால், அவற்றின் விகிதம் மாறாது. தராசின் இரு தட்டிலும் ஒரே எடையைக் கூட்டினால் முள் அசையாது நிற்பதைப் போன்றது இது.

கலம் எளிதானபோது, அது செல்லும் இடமும் விரிந்தது. கைப்பெட்டி அளவிலான ஒரு கருவியைக் கோவிந்த் ராவும் துணைவரும் அமைத்து, 2018 ஆம் ஆண்டில் அதனை விளக்கி எழுதினர். உயிரணுக்களின் சாற்றை உலர்த்திப் பொடியாக்கி அதில் வைப்பர். வேண்டும்போது நீர் சேர்த்து, ஒரு நாளைக்குள் சிறிதளவு புரத மருந்தைச் செய்து தூய்மையாக்கிக் கொள்ளலாம். பெருந்தொழிற்சாலையினின்று குளிர்ப்பெட்டியில் மருந்து வந்து சேர முடியாத இடங்களுக்கும் உதவவேண்டும் என்பது இம்முயற்சியின் நோக்கம்.

இனி இப்பைகளின் குறைகளையும் நோக்குதல் வேண்டும். ஒரு பொருளின் நலத்தை மட்டும் கூறி அதன் தீங்கை மறைத்தல் அறிவியல் நெறியன்று. பிளாஸ்டிக் கெடாமலிருக்க அதனோடு சில பொருள்களைச் சேர்ப்பர். காமாக் கதிர் படும்போது அவற்றுள் ஒன்று சிதைந்து, ஊட்டநீரில் மெல்லக் கசிந்து, உயிரணுக்களின் வளர்ச்சியைத் தடுக்கின்றது என்பதை 2013 ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் கண்டனர். கிருமியை ஒழிக்கக் கொண்ட முறையே நுண்ணிய நஞ்சு ஒன்றுக்கும் வழிவகுத்தது. அதன்பின் பைகளைச் செய்வோர் தம் பிளாஸ்டிக்கின் சேர்க்கையை மாற்றவும், கசிவை ஆராயவும் தலைப்பட்டனர். குறையைக் கண்டவர் அதனை மறையாது வெளியிட்டதனாலேயே இத்திருத்தம் விளைந்தது.

பை எல்லாக் கிருமியையும் தடுத்துவிடும் என்று கருதுவதும் தவறு. பாஸ்டனில் 2009 ஆம் ஆண்டில் நேர்ந்த கேட்டிற்குக் காரணமான வைரசு, ஊட்டப்பொருளின் வழியே வந்திருக்கலாம் என்று எண்ணப்பட்டது. ஊட்டப்பொருளிற் கிருமி இருப்பின், எத்துணைத் தூய பையும் அதனைத் தடுக்காது. சட்டியை மட்டும் கழுவி, பாலைக் காய்ச்சாது உறையிட்டவர் நிலையே அப்போது நேரும்.

எறியும் பைகளால் உண்டாகும் குப்பையும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பல படலங்களை ஒட்டிச் செய்த தாள் ஆதலின், அதனைப் பிரித்து மீண்டும் பயன்படுத்துதல் கடினம். பெரும்பாலும் எரிக்கின்றனர். எஃகுக் கலத்தைக் கழுவும் நீரையும், நீராவிக்கு ஆகும் எரிபொருளையும் கணக்கிட்டால், பையே இயற்கைக்குக் குறைந்த சுமை என்று கூறுவாரும் உளர். அக்கணக்கு தொழிற்சாலையின் அளவையும், அது பெறும் மின்சாரத்தின் வகையையும், குப்பையை நீக்கும் முறையையும் பொறுத்தது. நீர் அருமையான ஊருக்கு ஒரு விடை பொருந்தும். நீர் மிக்க ஊருக்கு வேறு விடை பொருந்தலாம். எரித்தலன்றி வேறு வழி காணும் கடமை இனி வரும் பொறியாளரைச் சார்ந்தது.

இவ்வரலாற்றினின்று மாணவர் அறியத்தக்கது ஒன்று உண்டு. பொறியியல் என்றவுடன் பெரிய எந்திரங்களும் மிகுந்த விசையுமே பலர் நினைவிற்கு வருகின்றன. ஈண்டுக் கண்ட பொறியாளர்களோ விசையைப் பெருக்கவில்லை, குறைத்தனர். சுழலும் துடுப்பின் இடத்தில் அசையும் தட்டை வைத்தனர். செருகும் கம்பியின் இடத்தில் ஊடுருவும் ஒளியை வைத்தனர். புதுச்சேரி ஆய்வாளரோ விலைமிக்க ஊட்டப்பொருளின் இடத்தில் வீணாகும் தேங்காய் நீரை வைத்தனர். வளர்க்க வேண்டிய உயிரின் இயல்பு யாது, அதற்கு எது தாங்கும், எது தாங்காது என்பதை முதலில் உணர்ந்து, பின்னரே கருவியை அமைத்தனர். ஒருவர் கிருமியைத் தடுத்தார். ஒருவர் உயிரணுவைக் காத்தார். ஒருவர் செலவைக் குறைத்தார். இவையனைத்தும் சென்று சேருமிடம் மருத்துவமனையில் மருந்துக்காகக் காத்திருக்கும் நோயாளரின் படுக்கையே ஆகும். அவரை மறவாது கருவி செய்பவனே நல்ல பொறியாளன்.